எழுத்து பிறவிச் சொத்தா?

கவிஞன் பிறக்கிறான், அவனை உருவாக்க இயலாது என்று மேலைநாட்டார் நெடுங்காலமாகச் சொல்லி வந்தனர். பிளேட்டோவின் ‘அயான்’ என்னும் உரையாடலிலே, பாட்டு பயிற்சியால் வருவதன்று, தெய்வம் உட்புகுந்து பாடுவிப்பது என்று சாக்ரடீசு வாதாடுகிறார். அழகான கருத்து! ஆனால் அதன் விளைவு அழகானதா? ஒன்றைப் பிறவியால் வருவதென்று சொல்லிவிட்டால், அதைக் கற்பிக்கும் கடமை நீங்குகிறது. கற்க வருபவனை வாயிலிலேயே தடுத்து நிறுத்தவும் காரணம் கிடைக்கிறது.

ஓவியன் கலைக்கூடம் செல்கிறான். இசைவாணன் ஆசானிடம் ஆண்டுக்கணக்கில் பயில்கிறான். எவரும் நகைப்பதில்லை. எழுதக் கற்கப் பல்கலைக்கழகம் போகிறேன் என்பவனுக்கு மட்டும் ஏன் ஏளனம்?

அமெரிக்காவிலுள்ள அயோவா பல்கலைக்கழகம் 1922-இல் ஒரு துணிவான முடிவை அறிவித்தது. ஆராய்ச்சியுரைக்குப் பதிலாகக் கதையோ கவிதையோ படைத்தளித்தும் உயர்பட்டம் பெறலாம் என்றது. 1936-இல் அங்கே எழுத்தாளர் பட்டறை எழுந்தது. பட்டறை! அந்தப் பெயரே பாதி விடை. மாணவன் எழுதிய கதையின் படிகளை உடன் பயில்வோர் முன்கூட்டியே படித்து வருவர். மேசையைச் சுற்றி அமர்ந்து, எங்கே கதை தளர்கிறது, எந்தச் சொல் பொய்க்கிறது என்று ஆராய்வர். அதுவரை எழுதியவன் வாய் திறத்தல் ஆகாது என்பது பட்டறையின் பழைய வழக்கம். நூல் வாசகனிடம் போகும்போது, விளக்கம் சொல்ல ஆசிரியன் கூடவே போக முடியாதல்லவா? அங்கே அருளுக்கு வேலையில்லை; அடித்தலுக்கும் திருத்தலுக்குமே வேலை.

1945-இல் சார்சியா மாநிலத்திலிருந்து பிளானரி ஓகானர் என்னும் இளம்பெண் அங்கு வந்தாள். அவளுடைய தென்னாட்டுப் பேச்சு பட்டறைத் தலைவர் பால் எங்கிளுக்குப் புரியவில்லை. சொல்ல வந்ததை எழுதித் தரச் சொன்னார். எழுத்து பேசியது, இடம் கிடைத்தது. இன்று அமெரிக்கச் சிறுகதை பற்றிப் பேசுவோர் அவள் பெயரை விட்டுவிட்டுப் பேச முடியாது.

அதற்கு முன்பே, கறுப்பினக் கவிஞர் மார்கரெட் வாக்கர் 1940-இல் அங்கே தம் கவிதைகளைப் படைத்தளித்து முதுகலைப் பட்டம் பெற்றார். அவை 1942-இல் யேல் பல்கலைக்கழகப் பரிசு பெற்று நூலாயின. ஆயினும் அதே அயோவாவில் 1946 வரை கறுப்பின மாணவியர்க்கு விடுதியில் இடமில்லை! வகுப்பின் வாயில் திறந்தது; உறங்கும் அறையின் வாயில் அடைத்துக் கிடந்தது. திறமையின்மையா அங்கே தடையாக நின்றது?

1944-இல் அமெரிக்க அரசு, போர்முனையிலிருந்து திரும்பும் வீரர்களின் கல்விச் செலவைத் தானே ஏற்கச் சட்டம் செய்தது. வீரர்கள் திரண்டு வந்தனர். படைக் கொட்டகைகளிலே இலக்கிய வகுப்புகள் நடந்தன. அத்தனை பேருக்கும் ஒரே நாளில் தெய்வம் அருளிவிட்டதா? இல்லை, தோழர்களே! கட்டணம் கட்ட வழி பிறந்தது, அவ்வளவே.

ஒரே பட்டறையில் பயின்றால் எல்லோரும் ஒரே அச்சில் வார்க்கப்படுவர் என்பது எதிர்ப்போர் வாதம். புறக்கணிக்கத்தக்க வாதமன்று. ஆசிரியர் மெச்சுவதையே எழுதும் அடிமை மனம் எந்த வகுப்பிலும் வளரக் கூடும். ஆனால் இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியாப் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 1970-இல் தொடங்கிய அதன் படைப்பெழுத்து வகுப்பில் முதலில் பயின்றவர் ஈயன் மக்யூவன். பின்னர் அங்கே பட்டம் பெற்ற கசுவோ இசிகுரோ, 2017-இல் நோபல் பரிசு பெற்றார். ஒருவர் நடை மற்றவரிடம் இல்லை. வகுப்பு ஒன்று, குரல் இரண்டு.

எழுத்தைக் கற்பிக்க இயலாது என்னும் பேச்சை அயோவாப் பட்டறையே ஓரளவு ஒப்புகிறது; உள்ள திறனை வளர்க்கலாம் என்றே அது உரிமை கொண்டாடுகிறது. ஏற்போம். வித்து வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் பாறையில் விழுந்த வித்தைப் பார்த்து, இது முளைக்கும் குலத்தில் பிறக்கவில்லை என்று சொல்வது அறிவாகுமா? இவனிடம் மேதைமை இல்லையென்று தீர்ப்புக் கூறுவோரை நாம் கேட்க வேண்டியது ஒன்றே: அந்த மேசையைச் சுற்றி இவனுக்கு ஒரு நாற்காலி போட்டீர்களா?