கரடிக்கும் அபயம்

நம் லிங்கராஜபுரத்து இளைஞர் சிலர் விடுமுறை நாட்களில் இராமநகரத்துக் குன்றுகளில் ஏறச் செல்வதுண்டு. பெங்களூருக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அப்பாறைகளிடையே கரடிகள் வாழ்கின்றன. அவற்றுள் இராமதேவர் மலை 2012-ஆம் ஆண்டில் பாறுக் கழுகுகளின் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பஞ்சசீலம் ஏற்ற நமக்கு இங்கு ஒரு வினா எழுகின்றது: உயிர்களிடம் மைத்ரி உடையவனுக்குக் காட்டில் எச்சரிக்கை எதற்கு?

அங்குத்தர நிகாயத்தில் ஒரு வரலாறு உண்டு. சாவத்தியில் ஒரு பிக்கு பாம்பு தீண்டி இறந்தார். அதனைக் கேட்ட பகவான், பாம்புக் குலங்களிடம் மைத்ரி பரப்புமாறு பிக்குகளுக்குப் போதித்தார். இதனை மட்டும் கேட்டவர் மைத்ரியை ஒரு மந்திரமென்று கருதக்கூடும். ஆனால் மஜ்ஜிம நிகாயத்தின் இரண்டாம் சுத்தத்தில், கொடிய யானையையும் பாம்பையும் படுகுழியையும் ஆராய்ந்து விலகுக என்று போதித்தவரும் அப்பகவானே. இவ்விரண்டு போதனைகளும் முரண்பட்டவையல்ல. அறிந்து விலகுதலும் மைத்ரியின் ஒரு செயலே.

கரடியின் இயல்பை நோக்குவோம். கரையானும் எறும்பும் தேனும் கனியும் அதன் உணவு. மோப்பம் மிகக் கூரியது, பார்வையோ மங்கியது. புற்றைத் தோண்டுவதில் ஆழ்ந்திருக்கையில் மனிதன் அணுகுவதை அது அறிவதில்லை. திடீரென அருகில் கண்டதும் அஞ்சிப் பாய்கின்றது. குட்டிகளை முதுகில் சுமக்கும் தாயாயின் இன்னும் கடுமையாகப் பாயும். அப்பாய்ச்சலின் வேர் பகையன்று, அச்சமே.

அவ்வச்சத்தை விளைவித்தவன் குற்றமற்றவனோ? சேதனையே கர்மம் என்றார் பகவான். கொல்லும் எண்ணம் அவனுக்கு இல்லாதிருக்கலாம். எனினும், அறியத்தக்கதை அறியாது திரிந்தமை பிரமாதமாகும். அதன் பயனை அவன் மட்டும் அனுபவிப்பதில்லை. காயமுற்ற கரடியும் சினங்கொண்ட ஊராரும் மறுநாள் எதிரெதிரே நிற்பர். பொழுதுபோக்க ஏறியவன் வீடு திரும்பிவிடுவான். விறகுக்கும் மேய்ச்சலுக்கும் அவ்வழியே செல்லவேண்டிய ஏழையோ அங்கேயே வாழ்கின்றான்.

ஆதலின் மலையேறுவோர் இவற்றைக் கைக்கொள்க. வைகறையிலும் அந்தியிலும் இரவிலும் ஏறாதிருங்கள். அவை கரடி உலவும் வேளைகள். பகலில் அது உறங்கும் குகைகளையும் பாறை இடுக்குகளையும் நாடாதீர்கள். தனித்துச் செல்லாமல், குரல் கேட்கப் பேசிக்கொண்டே பாதைவழி செல்லுங்கள். உணவு மிச்சத்தை எறியாதீர்கள். கரடியைத் தொலைவில் கண்டால் கல்லெறியாமலும் ஓடாமலும் அதற்கு வழிவிட்டு மெல்லப் பின்வாங்குங்கள். படம் எடுக்கும் ஆவலால் நெருங்காதீர்கள்.

சீலம் காப்பவன் எண்ணற்ற உயிர்களுக்கு அபயம் அளிக்கின்றான், அவ்வபயத்தில் தானும் பங்குறுகின்றான் என்பது பௌத்த நெறி. இராமநகரத்துப் பாறைகளில் இது கண்கூடான உண்மை. கரடியை அஞ்சவையாதவன் தானும் அஞ்சாது இறங்கி வருவான்.