சுருட்டு அணையும் வரை

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். இரவுச் சாப்பாடு முடிந்து ஒன்பது மணிவாக்கில் வெளியே வருவார். வாசலில் நின்று சுருட்டைப் பற்றவைப்பார். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தெருமுனைப் பிள்ளையார் கோயில்வரை போவார், திரும்புவார், மறுபடி போவார். வழியில் தெருநாயிடம் ஏதாவது பேசுவார். சிகரெட்டைப்போல ஐந்து நிமிடத்தில் முடிகிற விஷயமல்ல சுருட்டு. அரைமணி, முக்கால்மணி பிடிக்கும். அது அணையும்வரை அவருக்கு வேறு வேலை இல்லை. எங்கே போகிறீர்கள் என்று அவரை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

பல வருடங்களாக அவரைப் பொறாமையோடு பார்த்து வருகிறேன். எனக்குப் பொறாமை அவருடைய புகைமீது அல்ல, நடைமீது.

அதே தெருவில் நானும் நடக்கிறேன். என் நடைக்கு ஒரு காரணம் வேண்டும். பால் பாக்கெட், மாமியாரின் மாத்திரை, மகளுக்கு ஜெராக்ஸ். காரணம் கிடைக்காத நாட்களில் ஷூவை மாட்டிக்கொள்வேன். 'வாக்கிங்' சர்க்கரை நோய்க்கு மருந்து என்பதால் அதற்கு அனுமதி உண்டு. ஆனால் கையை வீசி வேகமாக நடக்க வேண்டும். கொஞ்சம் நின்று ஒரு வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தால், "என்ன மேடம், யாரையாவது தேடுறீங்களா?" என்று குரல் வரும்.

ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை ஆராய்ந்து எழுதிய 'ஒய் லாய்ட்டர்?' 2011இல் வெளிவந்தது. பொதுவெளியில் பெண்ணுக்குப் பாதுகாப்பு கேட்பது மட்டும் போதாது, காரணமின்றித் திரியும் உரிமையும், ஆபத்தைத் தானே ஏற்கும் உரிமையும் வேண்டும் என்பது அவர்களுடைய வாதம். இதை வகுப்பில் எளிதாகச் சொல்லிவிடுவேன். ஆனால் ஒரு கேள்வியில் தடுமாறுவேன். ஏற்கும் ஆபத்து புகையிலையாக இருந்தால்? தன்னைக் கெடுத்துக்கொள்வதில் ஆணுக்குச் சமமாக நிற்பதும் விடுதலையா?

சிவகங்கைப் பக்கத்தில் வாழ்ந்த என் அப்பத்தா சுருட்டுக் குடித்தவள். நடவு முடிந்து வரப்பில் உட்கார்ந்து ஒன்று. இரவில் ஊர் மந்தைவரை நடந்துகொண்டே ஒன்று. யாரும் அவளைத் தவறாகப் பேசியதில்லை. நம் மரபிலேயே இந்தச் சுதந்திரம் இருந்தது என்று மாணவிகளிடம் நெடுநாள் பெருமையாகச் சொல்லிவந்தேன்.

பிறகுதான் சில விஷயங்கள் உறைத்தன. அவள் வயதானவள், கணவனை இழந்தவள், சேற்றில் இறங்கிக் கூலிக்கு உழைத்தவள். அவளுடைய மகள், என் அத்தை, இருபது வயதில் சுருட்டைத் தொட்டிருந்தால் அப்பத்தாவே விளக்குமாற்றை எடுத்திருப்பாள். ஊர் அப்பத்தாவுக்குச் சுதந்திரம் கொடுக்கவில்லை. அவளைக் காவல் காப்பதில் தனக்கு இனி லாபமில்லை என்று விட்டுவிட்டது. கடைசி இரண்டு வருடம் வாய்ப்புற்றால் கஞ்சிகூட விழுங்க முடியாமல் கிடந்தாள். இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நான் சொல்லும் கதை பொய்.

புகையிலை பெண்ணைக் கெடுக்கும் என்பதில் நம் சமூகத்துக்கு உண்மையிலேயே அக்கறை உண்டா? திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்களைப் பாருங்கள். மடியில் முறம், விரல்களில் தூள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், காலை 6 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் தொழிற்கூடத்தில் பெண்ணை வேலைவாங்கக் கூடாது என்றது. தொழிற்கூடம் என்ற அதன் வரையறைக்குள் வீடு வரவில்லை. ஆகவே வீட்டில் நள்ளிரவுவரை சுற்றினாலும், பிள்ளைக்குப் பக்கத்திலேயே தூள் பறந்தாலும் கேட்பாரில்லை. பெண் உழைப்பாகப் புகையிலையைத் தொடும்போது நமக்கு நெருடுவதில்லை. இன்பமாகத் தொட்டால்தான் அவளுடைய உடல்நலம் நினைவுக்கு வருகிறது.

இதை நான் பிறருக்கு மட்டும் சொல்ல முடியாது. சில வருடங்களுக்கு முன் நான் வேலைபார்த்த ஒரு கல்லூரியில், பின்வாசல் டீக்கடையில் மாணவி ஒருத்தி சிகரெட் பிடித்ததாகப் புகார் வந்தது. அதே பெஞ்சில் மூன்று பையன்களும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். விசாரணைக்கு அழைக்கப்பட்டவள் அவள் மட்டும். விசாரித்த மூவரில் நானும் ஒருத்தி. பெற்றோருக்குப் போன கடிதத்தில் 'மாணவியின் உடல்நலம் கருதி' என்று எழுதினோம். அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "மேம், பசங்களுக்கு நுரையீரல் இல்லையா?"

நான் பதில் சொல்லவில்லை, கையெழுத்துப் போட்டேன். அடுத்த பருவத்துக்கு அவள் வரவில்லை. கல்யாணம் ஆகிவிட்டதாகச் சொன்னார்கள்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு பொறி இருக்கிறது. 1929இல் நியூயார்க்கின் ஈஸ்டர் ஊர்வலத்தில் இளம்பெண்கள் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு நடந்தார்கள். 'சுதந்திரச் சுடர்கள்' என்று அதற்குப் பெயர். ஏற்பாடு செய்தவர் அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனிக்காக வேலைசெய்த எட்வர்ட் பெர்னேஸ். பெண்களின் தாகம் உண்மையானது. கம்பெனிக்கு அது சந்தை. ஒருவர் நம்மை அவமானத்தால் கட்டிப்போடுகிறார், இன்னொருவர் அந்தக் கட்டை அவிழ்ப்பதாகச் சொல்லிச் சரக்கை விற்கிறார்.

போன மாதம் பெட்டிக்கடையில் ஒரு சுருட்டு வாங்கினேன். "ஐயாவுக்கா மேடம்?" என்றார் கடைக்காரர். "ஆமா" என்றேன். பெண்ணியம் கற்பிக்கிறவள், நாற்பத்தாறு வயதில், ஒரு சுருட்டுக்காகப் பொய் சொன்னேன். அந்தப் பெண் டீக்கடை பெஞ்சில் பொய் சொல்லாமல் உட்கார்ந்திருந்தாள் என்பது அப்போதுதான் புரிந்தது.

அன்றிரவு ஒன்பது மணிக்குத் தெருவில் இறங்கிப் பற்றவைத்தேன். இரண்டு வீட்டு ஜன்னல் திரைகள் விலகின. மூன்றாவது இழுப்பில் தலை சுற்றியது, நாக்கெல்லாம் கசப்பு. அப்பத்தாவின் வாய் நினைவுக்கு வந்தது. தரையில் தேய்த்து அணைத்துவிட்டேன். பிறகும் வீட்டுக்குத் திரும்பவில்லை. கோயில்வரை போனேன், திரும்பினேன், மறுபடி போனேன். அந்த முக்கால்மணி நேரம் நன்றாக இருந்தது.

புகை கெடுதல்தான். அதை என் மகளிடமும் சொல்வேன், அண்ணன் மகனிடமும் சொல்வேன், ஒரே குரலில், ஒரே சொற்களில். ஒருத்தியிடம் மட்டும் சொல்லப்படும் உடல்நல அறிவுரைக்கு ஒழுக்கப் போலீஸ் என்று பெயர். கெடுதலை எடுத்துச்சொல்ல நமக்கு உரிமை உண்டு. அவமானப்படுத்தும் உரிமை யாருக்கும் இல்லை. அவளுடைய கேள்விக்கு அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இவ்வளவுதான். அதைச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட மறுத்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு சுருட்டு வாங்கவில்லை. ஒன்பது மணிக்கு வெளியே போவதை மட்டும் விடவில்லை. ஷூ போடுவதில்லை, பையும் எடுப்பதில்லை. "எங்க மேடம் இந்நேரத்துல?" என்று கேட்கிறார்கள்.

"சும்மா" என்கிறேன்.