அவருக்குத் தெரியாததா?

1989ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் திகதி மாலை ஹீத்ரோவிலிருந்து பெல்ஃபாஸ்ட் நோக்கிப் புறப்பட்ட பிரிட்டிஷ் மிட்லண்ட் விமானத்தை நம்மில் பலர் மறந்திருக்கலாம். 126 பேருடன் சென்ற அந்த போயிங் 737-400 விமானத்தின் இடப்பக்க இயந்திரத்தில் விசிறித் தகடொன்று முறிந்தது. அதிர்வும் புகை மணமும் எழுந்தன. பழுது வலப்பக்கத்தில் என்று எண்ணிய விமானிகள் நல்ல இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். அதிர்வு தணிந்தது, செய்தது சரியென்றே நம்பினார்கள். ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் விமான நிலையத்தை நெருங்குகையில் பழுதான இயந்திரமும் கைவிட்டது. ஓடுபாதைக்குச் சற்று முன்பாக, கெக்வேர்த் கிராமத்தருகே, எம்-1 நெடுஞ்சாலைக் கரையில் விமானம் மோதியது. 47 பேர் இறந்தார்கள்.

இதில் நம் மனதை உறுத்துவது இயந்திரமன்று. வலப்பக்க இயந்திரத்தில் பழுது, அதை நிறுத்திவிட்டோம் என்று தலைமை விமானி ஒலிபெருக்கியில் அறிவித்தார். பின்னால் இருந்த பயணிகள் பலரும் பணியாளர் மூவரும் தீயின் அறிகுறியைக் கண்டதோ இடப்பக்கத்தில். பயணிகள் குழம்பினார்கள்; ஒருவரும் வாய் திறக்கவில்லை. பணியாளரோ தம் வேலை நெருக்கடியில் ‘வலம்’ என்ற சொல்லைக் கவனிக்கவில்லை. ஏறக்குறைய 20 நிமிடம் இருந்தும் அந்தச் செய்தி விமானியறைக்குப் போகவேயில்லை.

வேலை போய்விடும் என்ற பயத்தால் தொழிலாளர் மௌனம் காக்கிறார்கள் என்பது வழக்கமான விளக்கம். இங்கே அது பொருந்தாது. சொல்லாவிட்டால் போவது தம் உயிர்தான் என்ற இடத்திலும் மனிதர் சொல்லவில்லை. 1999 டிசம்பர் 22இல் ஸ்டான்ஸ்டெட்டில் விழுந்த கொரியச் சரக்கு விமானத்திலும் அப்படியே. தலைமை விமானியின் கருவி பொய் காட்டியது, துணை விமானியின் கருவி சரியாகக் காட்டியது. பின்னாலிருந்த பொறியியலாளர் விமானம் சரிகிறதென்று எச்சரித்தார். துணை விமானி எதுவும் சொல்லவில்லை. நால்வரும் மாண்டார்கள். பயத்தைவிட ஆழமாக ஒன்று நாவைக் கட்டுகிறது. ‘அவருக்குத் தெரியாததா?’ என்ற எண்ணந்தான் அது.

இந்த எண்ணம் நமக்குப் புதிதல்ல. பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாதே என்று வளர்ந்தவர்கள் நாம். இந்நாட்டுக்கு வந்தபின் விசாக் கவலையும், ஆங்கிலம் பிசகிவிடுமோ என்ற கூச்சமும் சேர்ந்துகொண்டன. நம் குடும்பங்களில் ஹீத்ரோவில் உணவுத் தட்டு அடுக்குவோர், பொதி ஏற்றுவோர், துப்புரவு செய்வோர் எத்தனை பேர்! அவர்கள் காண்பதை மேலாளர் காண்பதில்லை.

நாமும் யோக்கியரல்லர். இங்கே முதன்முதல் அமர்ந்த அலுவலகத்தில், மேலதிகாரி கையொப்பமிட்ட கணக்கொன்றில் ஒரே சிட்டை இரு தடவை பதியப்பட்டிருக்கக் கண்டோம். நம் அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராத காலம். பேசாதிருந்தோம். பின்னர் அது வெளிப்பட்டபோது பழி பக்கத்து மேசையிலிருந்த இளம்பெண்மீது விழுந்தது. அப்போதும் பேசவில்லை. அந்தப் பிள்ளையின் முகம் இன்னும் கண்முன் நிற்கிறது.

நக்கீரர் சிவபெருமானிடமே குற்றம் காட்டிய கதையைத் திருவிழாச் சொற்பொழிவில் கேட்டு மகிழ்கிறோம். நெற்றிக்கண்ணின் வெம்மை தாளாது அவர் பொற்றாமரைக் குளத்தில் விழுந்ததைப் பிள்ளைகளுக்கு அவ்வளவாகச் சொல்வதில்லை. உண்மை சொல்பவன் சுடப்படுவான் என்பதைப் புராணமே மறைக்கவில்லை. ஆனால் அவரைக் கரையேற்றியவரும் அதே பெருமான்தான். பேசுபவனின் துணிவை மட்டும் போற்றிக்கொண்டு, கேட்பவனின் கடமையை நாம் மறந்துவிடுகிறோம்.

விமானத் துறை அதை ஓரளவு கற்றுக்கொண்டது. தவறுகளைப் பெயர் வெளிவராமல் அறிவிக்க ‘சேர்ப்’ என்ற அமைப்பு 1982இலேயே பிரித்தானியாவில் தொடங்கியது. கெக்வேர்த் விசாரணை, விமானிகளும் பணியாளரும் ஒன்றாகப் பயிற்சி பெறவேண்டுமெனப் பரிந்துரைத்தது. பொதுநலன் கருதித் தவறை வெளிப்படுத்தும் தொழிலாளிக்கு 1998ஆம் ஆண்டுச் சட்டமொன்று பாதுகாப்பளிக்கிறது. முகவர் நிலையம் மூலம் வேலை செய்வோருக்கும் அது உண்டு. இதை அறியாத அன்பர்கள் பலர்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சபையின் பொதுக்கூட்டத்தில் நாம் தயாரித்த கணக்கறிக்கையை வாசித்தோம். ‘கேள்வி ஏதும் உண்டா?’ என்று தலைவர் கேட்டார். இரண்டு கணம் அமைதி. பிறகு கதிரைகள் நகர, எல்லோரும் வடையும் தேநீரும் இருந்த பக்கம் போனார்கள். வெளியே வாகனத் தரிப்பிடத்தில் ஓர் அன்பர் தயங்கித் தயங்கி வந்து, மூன்றாம் பக்கத்தில் கூட்டல் பிழைபோல் தெரிகிறதே என்றார். பார்த்தோம். பிழைதான். உள்ளேயே சொல்லியிருக்கலாமே ஐயா என்றோம்.

‘நீங்கள் படித்தவர். உங்களுக்குத் தெரியாததா என்று இருந்துவிட்டேன்’ என்றார்.