கலயத்துக்குச் சுண்ணாம்பு



சாயல்குடி, கடலாடி பக்கத்துப் பனங்காட்டில் பிறந்த நமக்குப் பதநீரைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டாம். பாளையில் சொட்டுவது ஒரே நீர்தான். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் காலையில் அது பதநீர். தடவாமல் விட்டால் அதே நீர் புளித்துக் கள்ளாகிவிடும். மரத்தில் குற்றம் இல்லை, பாளையிலும் குற்றம் இல்லை. தடவ வேண்டிய கை தடவவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். விடிலியில் பல மரத்துப் பதநீரையும் ஒன்றாக ஊற்றித்தான் காய்ச்சுவார்கள். அதில் ஒரு கலயம் புளித்தது கலந்துவிட்டால் கருப்பட்டி இறுகாது. என் கலயத்துக்கு நான் சுண்ணாம்பு தடவிவிட்டேன், அடுத்தவன் கலயம் எப்படிப் போனால் எனக்கென்ன என்று அங்கே யாரும் இருக்க முடியாது. பிள்ளை வளர்ப்பும் அப்படித்தான். நம் பிள்ளைகள் ஒரே பள்ளியில் படிக்கிறார்கள், ஒரே கரையில் விளையாடுகிறார்கள்.

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். இருபது வருஷமாக இந்தத் தாங்கலில் பணிவிடை செய்கிறேன். பிறருக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு உண்டென்று எழுத வரவில்லை. என் தவற்றைச் சொல்லவே வந்தேன். அந்தக் குடும்பத்தாரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்பு, மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பள்ளிக்கூட விடுமுறையும் அப்போதுதான் வரும். ஒரு நாள் சாயங்காலம் பணிவிடை முடித்துக் கரை வழியாக வீட்டுக்குப் போனேன். ஏற்றி வைத்திருந்த படகுக்குப் பின்னால் மூன்று பையன்கள் இருந்தார்கள். நடுவில் ஒரு பாட்டில். ஒருவன் உதட்டுக்குள் புகையிலைப் பொட்டலம் வைத்திருந்தான். அவன் நமக்கு வேண்டிய வீட்டுப் பிள்ளை, ஒன்பதாம் வகுப்பு. என்னைப் பார்த்ததும் நடுங்கிவிட்டான். நான் பார்க்காதவன் போல நடந்துவிட்டேன். அவன் அப்பனிடம் சொன்னால், என் பிள்ளையைக் குறை சொல்ல வந்துவிட்டாயா என்று சண்டைக்கு வருவானே, நமக்கேன் வம்பு என்று நினைத்தேன்.

ஒன்றரை வருஷத்தில் அந்தப் பையன் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினான். கஞ்சா பழகினான். தாயின் செயின் அடகுக்குப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சிப்படிப்பு முடிந்த பிறகு அவன் தகப்பன் என்னிடம் வந்தார். “அண்ணாச்சி, நீங்க அன்னைக்கே பாத்தீங்களாமே, பய சொன்னான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்றார். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் என்னை அறுத்தது.

பையன் பிறகு என்னிடமே சொன்னான். “பெரியப்பா, நீங்க அப்பாட்ட சொல்லிருவீங்கன்னு ஒரு வாரம் பயந்துகிட்டே கிடந்தேன். நீங்க சொல்லல. அதுக்கப்புறம் பயம் விட்டுப்போச்சு.”

அந்த ஒரு வாரம் சுண்ணாம்பு தடவ வேண்டிய வாரம். நான் தடவவில்லை.

மக்களே, குறோணி ஆறு துண்டாக வெட்டப்பட்டு, ஆறாவது துண்டாக வந்தவன் கலியன் என்று திருஏட்டில் கேட்டிருக்கிறோம். கலியன் வாளோடும் வேலோடும் வாசலில் வந்து நிற்பதில்லை. மறைவில்தான் வேலை செய்கிறான். பிள்ளை மறைக்கிறான், பார்த்தவன் மறைக்கிறான், தெரிந்தபின் தாய் தகப்பனிடம் மறைக்கிறாள், தகப்பன் ஊரிடம் மறைக்கிறான். இத்தனை மறைவும் கலிக்கு நாம் கட்டிக் கொடுத்த வீடு.

அய்யா வைகுண்டர் என்ன செய்தார்? தனி ஆளாகத் திருந்துங்கள் என்று சொல்லி விட்டுவிடவில்லை. எழுநூறு குடும்பங்களை, ஆணும் பெண்ணும் பிள்ளையுமாக, வாகைப்பதிக் கடற்கரைக்கு அழைத்துத் துவையல் தவசு இருக்கச் சொன்னார். கூடிக் குளித்தார்கள், கூடித் துவைத்தார்கள், எளிய சோற்றைக் கூடி உண்டார்கள். ஒருவன் தளர்ந்தால் பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரிந்துவிடும். கூட்டு ஒழுக்கத்தின் பலம் அது.

இந்தக் காலத்திலும் அப்படிச் செய்த ஊர் உண்டு. நம் தாங்கலுக்கு வரும் ஆசிரியர் ஒருவர் ஐஸ்லாந்து என்ற நாட்டைப் பற்றிச் சொன்னார். 1998-இல் அங்கே பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 42 பேர் முந்தைய ஒரு மாதத்துக்குள் குடித்துப் போதை ஏறியவர்கள். 2016-இல் அது நூற்றுக்கு 5 பேராகக் குறைந்தது. விளையாட்டுக்கும் இசைக்கும் அரசு பணம் கொடுத்தது. பிள்ளைகள் இரவில் வெளியே இருக்க நேரம் வைத்தது. அதோடு பெற்றோர்கள் கூடி ஓர் உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். இரவில் தெருவில் சேர்ந்து நடந்து பார்த்துக்கொண்டார்கள். எல்லா வீட்டிலும் ஒரே விதி இருந்ததால், அவன் வீட்டில் விடுகிறார்களே என்று எந்தப் பிள்ளையும் கேட்க வழியில்லை.

நம் கரைக்கு இது இன்னும் அவசரம். 2024 மார்ச்சில் மண்டபத்தை ஒட்டிய கடலில், இலங்கைக்குப் போன ஒரு நாட்டுப் படகிலிருந்து 99 கிலோ ஹஷீஷ் பிடித்தார்கள். கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் போதைப் பொருள் அது. அந்தச் சரக்கு நம் கரை வழியாகப் போகும்போது நம் பிள்ளைகள் கைக்கு எட்டாது என்று நினைக்க வேண்டாம்.

போன ஆனி மாதம் தாங்கலில் கூடி, விளக்கின் முன் நின்று, ஐந்து காரியத்துக்கு உடன்பட்டோம்.

ஒன்று: பீடி, சிகரெட், மது வாங்கப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பமாட்டோம். பிள்ளைக்கு மதுவோ போதைப் பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கு, 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. மாமன் விளையாட்டாக ஊற்றிக் கொடுத்தாலும் குற்றம்தான்.

இரண்டு: கல்யாணம், காதுகுத்து, கேதம் எதிலும் மது வைக்கமாட்டோம்.

மூன்று: விடுமுறையில் படகுக்கோ வேலைக்கோ போகும் பிள்ளையின் கூலி தாயின் கைக்கு வரட்டும்.

நான்கு: இரவு ஒன்பது மணிக்கு மேல் பிள்ளை வெளியே இருந்தால் எங்கே, யாரோடு என்று தெரிந்திருக்க வேண்டும். தடைக்காலத்தில் இரண்டு தகப்பன்மார் முறை வைத்துக் கரையில் நடந்து வருவார்கள்.

ஐந்தாவதுதான் முக்கியம்: “என் பிள்ளையைத் தவறான இடத்தில் பார்த்தால் என்னிடம் வந்து சொல்லுங்கள். நான் கோபப்படமாட்டேன். சொன்னவரின் பெயரை வெளியே சொல்லமாட்டேன்.” இதை ஒவ்வொரு தகப்பனும் தாயும் வாய்விட்டுச் சொன்னார்கள். இந்த ஒரு வாக்கு முன்பே இருந்திருந்தால் அன்று நான் வாய் மூடிப் போயிருக்கமாட்டேன்.

சொன்ன வாக்குக்குச் சோதனையும் வந்தது. இரண்டே மாதத்தில் ஒரு தங்கச்சி என்னிடம் தனியாக வந்து, “அண்ணாச்சி, உங்க சின்னவன் கையில சிகரெட் பாத்தேன்” என்றாள். நாமம் இட்ட என் நெற்றி சுட்டது. உன் பிள்ளை மட்டும் ஒழுங்கா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. அடக்கிக்கொண்டு, “நல்லதும்மா, சொன்னதுக்கு” என்றேன். அன்றிரவு மகனை அடிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். அழுதான், ஒப்புக்கொண்டான். காலம் இருக்கும்போதே தெரிந்தது.

ஏற்கெனவே வழுக்கி விழுந்த பிள்ளையின் பெற்றோரும் மனம் விட வேண்டாம். புளித்த பதநீர் திரும்பாது. பிள்ளை திரும்புவான், பாடுதான் அதிகம். அய்யாவின் பதம் கொடுங்கள். மருத்துவரிடமும் கூட்டிப் போங்கள். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. வழி கேட்க 14446, விற்பவனைப் பற்றிச் சொல்ல 10581. நான் சொன்ன அந்தப் பையன் சிகிச்சைக்குப் பின் ஒருமுறை தவறினான், மறுபடி கூட்டிப் போனார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தாங்கலுக்குத் தண்ணீர் எடுத்து வருகிறான். அவன் குடத்தை இறக்கி வைக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் என் தவறு எனக்கு நினைவுக்கு வரும்.

பள்ளியறையில் விளக்குக்குப் பின்னால் அய்யா நமக்கு வைத்தது கண்ணாடி. தலைப்பாகை கட்டி அதன் முன் நிற்கும் தகப்பன், குடிக்கிறவனாக இருந்தால் முதலில் அதை விடட்டும். பிறகு பக்கத்து வீட்டுக்காரர் கையைப் பிடித்து அந்த ஐந்தாவது வாக்கைக் கொடுக்கட்டும்.

அடுத்த தடைக்காலம் வருவதற்குள் உங்கள் ஊர்த் தாங்கலிலும் கூடுங்கள். கலயம் கட்டும் முன்னேதான் சுண்ணாம்பு தடவ வேண்டும்.

அய்யா உண்டு.