அட்டைக்கு எஃப்5 கிடையாது

கணினி இருக்கிற எந்த ஆபீஸிலும் இந்த உரையாடலைக் கேட்கலாம். "நான் ஃபைலைப் போட்டுட்டேன்." "எனக்கு ஒண்ணும் வரலையே." "நல்லாப் பாருங்க, அங்கதான் இருக்கு." "சத்தியமா இல்லைங்க." இருவருக்கும் நடுவில் இருப்பது நெட்வொர்க்கில் பொதுவாக வைத்திருக்கும் ஒரு ஃபோல்டர். யாராவது ஒருவர் எஃப்5 பொத்தானைத் தட்டச் சொல்வார். ஃபைல் வந்துவிடும். சிரித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

யோசித்துப் பார்த்தால் இதில் பொய் சொன்னவர் யாருமில்லை. ஒருவர் சொன்னது இப்போதைய உண்மை. இன்னொருவர் சொன்னது காலை பத்து மணி உண்மை. அது பழசாகிவிட்டது என்பது அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். சரி, அந்தப் பழைய உண்மையை நம்பி அவர் ஒரு காரியம் செய்து, அதனால் மூன்றாவது ஆள் ஒருவர் நஷ்டப்பட்டால்? அது யார் பொறுப்பு?

பெரிய காஞ்சிபுரத்தில், ராஜவீதியை ஒட்டிய ஒரு மாடி அறையில் பட்டுப்புடவைக்கு டிசைன் போட்டுத் தருகிறார்கள். "ஃபோல்டர் ரிஃப்ரெஷ் ஆகல, வந்து பாருங்க" என்று தெரிந்தவர் மூலம் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு கணினிகள், ஃபைல்களைச் சேமிக்க ஒரு சின்னப் பெட்டி. ஒரு மேசையில் ஒருவர் கரையும் முந்தியும் வரைகிறார். இன்னொரு மேசையில் ஓர் அக்கா அந்த ஃபைலை எடுத்து ஜக்கார்டு அட்டைகளில் துளையிடும் இயந்திரத்துக்கு அனுப்புகிறார். துளை இருக்கும் இடத்தில் பாவு இழை எழும், இல்லாத இடத்தில் எழாது. 1804 வாக்கில் பிரான்சின் லியோன் நகரில் ஜக்கார்டு கொண்டுவந்த அதே ஏற்பாடுதான். அட்டைகளைச் சங்கிலியாகக் கோர்த்துத் தறிக்கு மேலே மாட்டிவிட்டால், நெசவாளி மிதிக்க மிதிக்க டிசைன் இறங்கிக்கொண்டே வரும்.

நடந்தது இதுதான். கரையில் மயில் வேண்டாம், ருத்ராட்சம் போடுங்கள் என்று வியாபாரி மாற்றிச் சொல்லியிருக்கிறார். வரைகிறவர் மதியத்துக்கு முன்பே புது ஃபைலை வேறு பெயரில் போட்டுவிட்டார். அக்காவின் திரையில் காலையிலிருந்தே அந்த ஃபோல்டர் திறந்து கிடந்தது. அதில் மயில் மட்டும்தான் இருந்தது. அட்டை மயிலாகவே தயாராகி, பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறிக்குப் போய்விட்டது. கோர்வைப் புடவை. நெசவாளியும் கூட ஓர் ஆளும் சேர்ந்து நாடா தள்ளிப் பத்துப் பதினைந்து நாள் உழைத்தால்தான் ஒரு புடவை இறங்கும். புடவை கடைக்கு வந்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. அது வேறு இடத்துக்குக் குறைந்த விலைக்குப் போனது. நெசவாளியின் கூலியில் ஒரு பங்கு பிடிக்கப்பட்டது.

"பன்னெண்டு மணிக்கே வச்சுட்டேன் சார், டைமைப் பாருங்க" என்றார் வரைகிறவர். "ஸ்கிரீன்ல என்ன இருந்துச்சோ அதத்தான் சார் அடிச்சேன்" என்றார் அக்கா. இரண்டும் நிஜம்.

ஒரு ஃபோல்டர் மாறிவிட்டதா என்று தெரிந்துகொள்ள கணினிக்கு இரண்டே வழி. அடிக்கடி போய்க் கேட்கலாம். அல்லது, 'மாறினால் சொல்லு' என்று சர்வரிடம் சொல்லிவிட்டுக் காத்திருக்கலாம். கேட்டுக்கொண்டே இருந்தால் நெட்வொர்க் தாங்காது. அதனால் ஃபோல்டர் சன்னல்கள் பெரும்பாலும் இரண்டாவது வழியில்தான் ஓடுகின்றன. ஆனால் கணினி தூங்கி எழுந்தாலோ வைஃபை அறுந்து ஒட்டினாலோ, சொல்லிவைத்தது காற்றில் போய்விடக்கூடும். சன்னல் காத்துக்கொண்டே இருக்கும். சேதி வராததற்கு இரண்டு அர்த்தம் உண்டு: ஒன்றும் மாறவில்லை, அல்லது சொல்ல ஆளில்லை. சன்னல் எப்போதும் முதல் அர்த்தத்தையே எடுத்துக்கொள்கிறது. நாமும்தான்.

இதற்கு மேல் ஞாபகம் வேறு இருக்கிறது. விண்டோஸ் ஒரு நெட்வொர்க் ஃபோல்டரின் பட்டியலை வழக்கமாகப் பத்து நொடி நினைவில் வைத்துக்கொள்ளும். 'அப்படி ஒரு ஃபைல் இல்லை' என்ற பதிலையும் நினைவில் வைக்கும், ஆனால் ஐந்து நொடிதான். இல்லை என்பதன் ஆயுள் பாதி. காரணம் எதுவானாலும் எனக்கு இதில் ஒரு விவேகம் தெரிகிறது. இன்னொன்றும் உண்டு. ஒரே நேரத்தில் ஏகப்பட்ட மாற்றம் நடந்தால் சர்வர் விவரம் சொல்லாது. 'நிறைய மாறிவிட்டது, நீயே வந்து மறுபடி பார்' என்று மட்டும் சொல்லும். தன்னால் சொல்ல முடியவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறதே, அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

1877இல் ஆங்கிலேயக் கணித அறிஞர் கிளிஃபோர்ட் நம்பிக்கையின் அறம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். பழைய கப்பல், பழுது பார்க்க வேண்டுமோ என்ற சந்தேகம். 'இத்தனை பயணம் போய் வந்ததுதானே' என்று மனதைச் சமாதானப்படுத்தி, மனதார நம்பி, ஆட்களை ஏற்றி அனுப்புகிறார். கப்பல் மூழ்குகிறது. மனதார நம்பினார் என்பது அவரைக் காப்பாற்றாது, அப்படி நம்ப அவருக்கு உரிமை இல்லை என்கிறார் கிளிஃபோர்ட். கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் தப்பு தப்புதான் என்றும் சொல்கிறார்.

அக்காவின் நிலைமை வேறு. கப்பல் முதலாளிக்குச் சந்தேகம் வந்தது, அதை அவர் அமுக்கினார். அக்காவுக்குச் சந்தேகம் வரவே வழியில்லை. எத்தனை மணிப் பட்டியல் இது என்று அந்தச் சன்னலில் எங்குமே எழுதவில்லை. ஃபைலுக்குத் தேதி உண்டு, பட்டியலுக்குக் கிடையாது. பால் பாக்கெட்டில்கூடத் தேதி இருக்கிறது. நம் ஊர்க் கோவில் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை இன்ன அரசனின் இத்தனையாவது ஆட்சியாண்டு என்று சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கே வரும். வயதைச் சொல்லாத ஒரு பட்டியலை நம்பியவரைக் குற்றம் சொல்வதற்கு முன், அதை வயதில்லாமல் காட்டிய எங்கள் தொழிலைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

அதற்காக எல்லாவற்றையும் எப்போதும் சரிபார்த்துக்கொண்டே இருக்கவும் முடியாது. சரிபார்ப்பதற்கு விலை உண்டு. நிமிடத்துக்கொரு தரம் எஃப்5 தட்டுகிறவர் வேலை செய்ய மாட்டார். கணினி அறிவியலில் இதற்கு ஒரு நடுவழி கண்டார்கள். 1989இல் கிரேயும் செரிட்டனும் எழுதிய ஆய்வில் அதற்குக் குத்தகை என்று பெயர். நினைவில் வைத்துக்கொள்ள உரிமை தருகிறேன், ஆனால் இத்தனை நேரம்தான், பிறகு நீ மறுபடி கேட்க வேண்டும். காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே இருக்கிற உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டில், குடவோலையில் தேர்வானவர்களின் வாரியப் பொறுப்புக்கு 360 நாள் என்று கெடு வைத்திருக்கிறார்கள். ஒருவர் மீது வைத்த நம்பிக்கையும் ஒரு நாள் காலாவதியாகி, மறுபடி கேட்கப்பட வேண்டும் என்ற எண்ணத்தை அதில் பார்க்கிறேன்.

எனக்குத் தோன்றுகிற நியாயம் இதுதான். அறிந்தது பழசாகிப்போவது யாருடைய குற்றமும் இல்லை. ஆனால் திருப்ப முடியாத ஒரு காரியத்தைத் தொடங்கும் முன் ஒரு தரம் மூலத்தைக் கேட்க வேண்டும். கேட்க வழியிருந்தும் கேட்காமல் விட்ட இடத்தில்தான் நஷ்டம் நிற்க வேண்டும். அந்த மாடி அறையில் இரண்டு மேசைகளுக்கும் நடுவே பத்தடிகூட இல்லை. தறி வீட்டிலோ நெசவாளி கையில் இருப்பது அட்டை. அட்டைக்கு எஃப்5 கிடையாது. அவர் அதை நம்பித்தான் ஆக வேண்டும். அங்கே போய்ப் பிடித்தம் இறங்கியது அநியாயம்.

இதை முதலாளியிடம் சொன்னேன். "வேற யார்கிட்ட சார் பிடிக்கிறது?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

ஃபோல்டரைச் சரிசெய்வது சுலபமாக இருந்தது. பழைய ஃபைலை உடனே தனி ஃபோல்டருக்கு நகர்த்துவது, புதியதன் பெயரில் தேதியும் நேரமும் சேர்ப்பது, துளையிடும் முன் "இதுதானே கடைசி?" என்று குரல் கொடுத்துக் கேட்பது. அந்தக் கேள்வி பதில் வரும்வரை இயந்திரத்தை ஓட்டக் கூடாது என்றும் சொல்லிவிட்டு வந்தேன். கூலிப் பிடித்தத்தைச் சரிசெய்ய என்னிடம் எந்தப் பொத்தானும் இல்லை.

பெயர்ப் பட்டியல் இருக்கிற எந்த கவுன்டரிலும் இது நடக்கிறது. வரிசையில் நின்று வந்த ஒரு பாட்டியிடம், திரையைப் பார்த்து "உங்க பேர் இல்லம்மா" என்கிறார்கள். அந்த 'இல்லை' எத்தனை நாள் பழசு என்று திரை சொல்லாது. பாட்டியால் கேட்கவும் முடியாது. மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்தான் கேட்க வேண்டும்.