20,000 கிலோமீட்டருக்குள்

டீசல் ஃபில்டரை எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்? நாமக்கல்லில் எந்தப் பட்டறை வாசலில் நின்று கேட்டாலும் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். ஒருவர் பத்தாயிரம் என்பார். இன்னொருவர், "வண்டி இழுக்கற வரைக்கும் ஓட்டுங்க, நின்னா மாத்துங்க" என்பார். என்னுடைய வேனுக்கு வந்த கையேட்டில் 20,000 என்று அச்சடித்திருந்தது. இது மெக்கானிக்கிடம் கேட்கவேண்டிய கேள்வி, இதில் யோசிக்க ஒன்றுமில்லை என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். ஓர் ஆடிப்பெருக்கு அன்று கொல்லிமலையில் நடந்ததற்குப் பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

முதலில் அந்தச் சாமானைப் பற்றிக் கொஞ்சம். ஒரு தகர டப்பா, உள்ளே விசிறி மாதிரி மடித்த காகிதம், அவ்வளவுதான். டேங்கிலிருந்து வரும் டீசலில் தூசு இருக்கும், துரு இருக்கும், தண்ணீரும் இருக்கும். தண்ணீர் எப்படி வந்தது என்று பலர் கேட்பார்கள். பாதி காலியான டேங்கில் ராத்திரி குளிருக்குக் காற்றின் ஈரம் வியர்த்து இறங்கும். தண்ணீர் டீசலைவிட கனம், அடியில் போய்த் தங்கிவிடும். இரண்டும் சந்திக்கிற இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து பிசின் மாதிரி ஒன்றை உண்டாக்கும். இதையெல்லாம் அந்தக் காகிதம் பிடித்துவைக்க வேண்டும். ஏனென்றால் அதற்கு அப்பால் இருக்கும் பம்பும் இன்ஜெக்டரும் அழுக்கு தாங்காதவை. மனிதத் தலைமுடி சுமார் 70 மைக்ரான் தடிமன். இன்ஜெக்டருக்குள் அசைகிற பாகங்களின் இடைவெளி சில மைக்ரான்தான். லாரி டயரில் நாம் அடிக்கிற காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 8 பார். 1997-இல் கார்களில் வந்த காமன் ரயில் என்ஜின்களின் வாரிசுகளில் டீசல் 2,000 பார் வரைக்கும் அழுத்தப்படுகிறது. அந்த வேகத்தில் போகும் ஒரு மணல் துகள் உளி மாதிரி வேலை செய்யும்.

அப்பா லாரி வைத்திருந்த காலத்தில் வண்டியில் இரண்டு ஃபில்டர் இருக்கும். முதலாவது கம்பளித் துணி போன்ற ஒன்று. அதை டீசலில் அலசி, உதறி, திரும்பப் போடுவார்கள். நானே சின்ன வயதில் அலசியிருக்கிறேன். இன்றைய ஃபில்டரை அலச முடியாது, தூக்கித்தான் போட வேண்டும். அதனால்தான் "எப்போது" என்ற கேள்வி இவ்வளவு பெரிதாகிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஃபில்டரில் அழுக்கு சேர்வது கோளாறு அல்ல, அதன் வேலையே அதுதான். கொஞ்சம் ஓடிய காகிதம் புத்தம்புதுசைவிட நன்றாகவே வடிகட்டும், ஏற்கெனவே படிந்த அழுக்கு அடுத்த அழுக்கைப் பிடித்துக்கொள்வதால். ஆனால் வடிகட்ட வடிகட்ட வழி குறுகிக்கொண்டே வரும். அந்தக் குறுகல் சமதரையில் தெரியாது. சேந்தமங்கலம் ரோட்டில் நாற்பதில் போகிற வண்டி கேட்கிற டீசலை, பாதி அடைத்த ஃபில்டரும் கொடுத்துவிடும். மலையேறும்போதுதான் என்ஜின் முழுசாகக் கேட்கும், அப்போதுதான் அது இல்லை என்று சொல்லும். ஆபத்தில்லாத இடத்தில் ஒளிந்திருந்து, ஆபத்தான இடமாகப் பார்த்து வெளியே வரும் குறை இது.

அந்த ஆடியில் வண்டி 16,000 ஓடியிருந்தது. டிரைவர் அண்ணன் என்னைவிட இருபது வயது மூத்தவர், அப்பாவிடமே வேலை பார்த்தவர். இரண்டு முறை சொன்னார். "தம்பி, மேட்டுல கொஞ்சம் திணறுதுங்க. ஃபில்டர் பாத்துரலாங்களா?" நான் கையேட்டைத்தான் நினைத்தேன். "இன்னும் நாலாயிரம் இருக்குதுங்ணா, சர்வீஸ்ல மாத்திக்கலாம்" என்றேன். அதன் விலை 800 ரூபாய். அந்த மாதம் எனக்கு 800 ரூபாய் இல்லாமலும் இல்லை. இருந்தது, ஆனால் கொடுக்க மனசில்லை. கையேடு என் பக்கம் இருந்தது.

கையேட்டுக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரியும். பங்க் ஸ்டிரைக் வரும் என்று பேச்சு கிளம்பிய நேரத்தில் நான் ஒரு பேரல் டீசல் வாங்கி ஷெட்டில் வைத்திருந்தேன். அது மழையில் மூடி சரியாக மூடாமல் கிடந்தது. அதைக் கைபம்ப் போட்டு வண்டிக்கு ஊற்றியவர் அவர். அடியில் என்ன இருந்தது என்று பார்த்த கண் அவருடையது. 20,000 என்று எழுதியவர் என் பேரலைப் பார்த்தவர் இல்லை.

கொல்லிமலைக்குக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை நிற்கும். ஆகாய கங்கைக்குக் குளிக்கவும் அறப்பளீசுவரர் கோயிலுக்கும் பன்னிரண்டு பேர், அதில் நாலு குழந்தைகள். 46-வது வளைவில் பின்சக்கரம் திரும்பும்போது என்ஜின் அணைந்துவிட்டது. என்ஜின் நின்றால் பிரேக் பூஸ்டருக்கு வாக்குவம் கிடைக்காது, இரண்டு மூன்று மிதிக்கு மேல் பெடல் கல்லாகிவிடும். ஸ்டியரிங்கும் அப்படித்தான். பின்னால் ஏறிக்கொண்டிருந்த பஸ், அதற்குப் பின்னால் பைக்குகள். அவர் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரில் போட்டு, முன்சீட்டில் இருந்த பையனைக் கத்தி இறக்கி, சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொல்லியிருக்கிறார். வண்டி ஓரடி பின்னால் நகர்ந்து கல்லில் நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் மலைமேலிருந்து எனக்கு வந்த போன் இப்படித்தான் ஆரம்பித்தது: "என்னங்க, இப்படி ஒரு டிரைவரை அனுப்பிருக்கீங்க?" நான் வாடகையில் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன். "டிரைவர் மேல தப்பில்லைங்க, நான்தான் ஃபில்டர் மாத்தலை" என்று மட்டும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து என்னைக் குடைவது அந்த நாலாயிரம் கிலோமீட்டர்தான். விதிப்படி நான் தவறே செய்யவில்லை. யாராவது வழக்குப் போட்டிருந்தால் கையேட்டை எடுத்து நீட்டியிருப்பேன். அப்படியானால் என்ன தப்பு செய்தேன்?

அரிஸ்டாட்டில் தன்னுடைய நிக்கோமாக்கிய அறவியலின் இரண்டாவது புத்தகத்தில், நடத்தை பற்றிய பேச்சில் கறாரான அளவுகளை எதிர்பார்க்காதீர்கள், வைத்தியனும் மாலுமியும் செய்வதுபோல அந்தந்த வேளைக்கு எது பொருந்தும் என்று செய்பவரே பார்க்க வேண்டும் என்கிறார். வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் இதையே இன்னும் குறிப்பாகச் சொல்கிறார்: நோயாளி, நோயின் அளவு, காலம் மூன்றையும் எண்ணித்தான் வைத்தியம். இருவரும் சொல்வது சரி. ஆனால் பார்க்கிறவன் ஒருத்தன், முடிவெடுக்கிறவன் இன்னொருத்தன் என்றால் என்ன செய்வது? வைத்தியனே மருந்து குடிப்பதில்லை, ஆனாலும் தவறான மருந்தால் அவன் பெயராவது கெடும். மாலுமி கப்பலோடு சேர்ந்து மூழ்குவான். நானோ நாமக்கல்லில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். 800 ரூபாய் என் பையில் மிஞ்சும், பெடல் கல்லாவது அவர் காலுக்குக் கீழே.

அப்படியென்றால் எண்ணே வேண்டாம், வண்டி ஓட்டுகிறவர் சொல்வதே போதும் என்று சொல்லிவிடலாமா? எனக்கு அதிலும் தயக்கம் உண்டு. வண்டி உள்ளே போனாலே "ஃபில்டர் போச்சுங்க" என்று கழற்றிவிடும் பட்டறையும் பார்த்திருக்கிறேன். கடைக்காரரோடு அவர்களுக்கு ஒரு கணக்கு இருக்கும். அவர்களிடமிருந்து என்னைக் காப்பாற்றியது அந்த எண்தான். அதைவிட முக்கியமாக, சொந்த வண்டி இல்லாத டிரைவர் முதலாளியிடம் பேசுவதற்கு ஒரு பிடிமானமும் அதுதான். 21,000 ஓடியிருந்தால் அவர் "புத்தகத்துலயே போட்டிருக்குதுங்க தம்பி" என்று சொல்லியிருப்பார், எனக்கும் வாய் எழுந்திருக்காது. 16,000-இல் அவரிடம் இருந்தது வெறும் வேண்டுகோள். அச்சடித்த எண்ணுக்கு என்னிடம் இருந்த மரியாதை, முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்த கைக்கு இல்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை. அதே கையேட்டில், தூசும் மட்டமான டீசலும் உள்ள இடங்களில் முன்கூட்டியே மாற்றவும் என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருந்ததைப் பிற்பாடுதான் பார்த்தேன். பெரிய எழுத்தை மட்டும் நான் படித்திருந்தேன்.

மலையிலிருந்து வந்த பயத்தில் கொஞ்ச நாள் மறுகோடிக்குப் போனேன். ஐயாயிரத்துக்கு ஒருமுறை மாற்றச் சொன்னேன். பாவத்துக்குப் பரிகாரம் செய்கிற மாதிரி. டிரைவர் அண்ணனுக்கு அதுவும் பிடிக்கவில்லை. ஒவ்வொரு தடவை கழற்றும்போதும் காற்று புகும், அதைக் கைபம்ப் அடித்து எடுக்க வேண்டும், வாசரில் ஒழுக்கு வரும். அதைவிட மோசம், சீக்கிரம் ஸ்டார்ட் ஆகட்டும் என்று புது ஃபில்டருக்குள் நடுத்துளை வழியாக டீசலை ஊற்றிவிடும் பழக்கம். நடுத்துளை வடிகட்டிய பக்கம். அங்கே கேனிலிருந்து ஊற்றினால் கேனின் அழுக்கு நேரே பம்புக்குப் போகும். காப்பாற்றப் போட்ட ஃபில்டரே வழி திறந்துவிட்ட மாதிரி ஆகும்.

இதை முன்பே கண்டவர்கள் இருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் கடலோரப் பிரிவில் கான்ராட் வாடிங்டன் என்ற உயிரியலாளர் பழுதுகளைக் கணக்கெடுக்கும் குழுவில் இருந்தார். 50 மணி நேரம் பறந்தால் ஒரு பரிசோதனை என்பது விதி. பரிசோதனை முடிந்த உடனேதான் பழுதுகள் அதிகம், பறக்கப் பறக்கக் குறைகின்றன என்று கணக்கு காட்டியது. நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைக் கழற்றிப் பார்த்ததே கெடுத்திருக்கிறது. 1973-இல் வந்த அவருடைய புத்தகத்தில் இது இருக்கிறது. அதற்காகப் பரிசோதனையே வேண்டாம் என்று அவர்கள் முடிவு கட்டவில்லை, இடைவெளியைத் திருத்தினார்கள். என் ஐயாயிரமும் அப்படிப்பட்டதுதான். அது வண்டியைப் பார்த்து எடுத்த முடிவே இல்லை. என் மனசு ஆற வேண்டும் என்பதற்காக எடுத்தது. முதலில் பணத்துக்காகப் பார்க்காமல் இருந்தேன், பிறகு நிம்மதிக்காகப் பார்க்காமல் இருந்தேன்.

இப்போது ஏற்பாடு வேறு. புது ஃபில்டர் ஒன்று எப்போதும் வண்டியிலேயே இருக்கும். 20,000-ஐ யாரும் தாண்டக்கூடாது. அதற்கு முன்னால் எப்போது என்பதை டிரைவர் அண்ணன் முடிவு செய்வார், என்னைக் கேட்க வேண்டியதில்லை, பில்லை மட்டும் கொடுத்தால் போதும். வாரம் ஒருமுறை ஃபில்டருக்கு அடியிலுள்ள திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடிப்பார். அடியில் தண்ணீர் நின்றால் ஒரு கோடு தெரியும். பேரலை விற்றுவிட்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலைக்குக் கிளம்பும் முன் பாட்டிலை வெயிலில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி 11,000 ஓடியிருந்தது. கோடு எதுவும் இல்லை. அன்று சவாரி வெளியாளுக்கு இல்லை, என் வீட்டாருக்குத்தான். பிள்ளைகள் உள்ளே ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

"எதுக்கும் மாத்தியே போட்டுருங்ணா" என்றேன்.

"இன்னும் நல்லா ஓடுமுங்க."

"இல்லீங்ணா, மலை ஏறுது பாருங்க."

அவர் பாட்டிலில் இருந்ததைப் பழைய தகரத்தில் ஊற்றினார். திருகை இறுக்கி, கையைத் துணியில் துடைத்தார்.

"நேத்தும் மலைக்குத்தானுங்க போனேன். ஒரு கல்யாணக் கூட்டம்" என்றார். "அப்ப கேக்கலீங்களே தம்பி."