உபயம்: இன்னார்

பெயர் போட்டுக்கொண்டு கொடுப்பது தர்மமே இல்லை என்பது என் மைத்துனரின் கட்சி. கோயில் ட்யூப்லைட்டில் 'உபயம்' என்று கண்டால் போதும், "வெளிச்சத்தையே மறைக்கிறான் பாருங்கள்" என்று ஆரம்பித்துவிடுவார். பழைய கிண்டல்தான். கோயில் அலுவலகத்தில் ரசீது எழுதியே தலை நரைத்தவன் நான். எனக்கு அவ்வளவு சுலபமாகத் தீர்ப்பு வருவதில்லை.

அன்னதானத்துக்குப் பணம் கட்ட வருகிறவர்கள் பலவிதம். பிள்ளையின் பிறந்தநாள், அப்பாவின் திதி, "80ஜி வரிச்சலுகை உண்டா சார்?" மூன்றையும் ஒருவரே ஒரே மூச்சில் சொல்வதும் உண்டு. பெயர் வேண்டாம் என்பவர்களும் வருவார்கள். அவர்கள்தான் உசத்தி என்று நினைப்பவர் ஒருமுறை உண்டியல் எண்ணும்போது வந்து உட்கார வேண்டும். உண்டியலில் விழுவதற்குப் பெயரும் இல்லை, ரசீதும் இல்லை. ஆனால் நோட்டுகளுக்கு நடுவே கடிதங்கள் கிடக்கும். பரீட்சை பாஸாக வேண்டும், வரன் அமைய வேண்டும், பங்காளி கேஸில் தோற்க வேண்டும். யாருக்கும் தெரியாமல் போட்ட பணத்தில்தான் பேரம் கறாராக இருக்கிறது.

தஞ்சைப் பெரிய கோயிலை எழுப்பிய ராஜராஜன், தான் கொடுத்ததையும் அக்கன் குந்தவை, தேவிமார், அதிகாரிகள் கொடுத்ததையும் கல்லில் வெட்டச் சொன்னான். ஆயிரம் வருஷ விளம்பரம் என்பார் மைத்துனர். ஆனால் அதே கல்லில் விளக்குக் கணக்கும் இருக்கிறது. ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த இடையர்களின் பெயர்களும் அங்கேயே உண்டு. கொடுத்தவர், பொறுப்பேற்றவர், அளவு எல்லாம் கல்லில் இருந்தால் பின்னால் வருகிறவன் நெய் எங்கே என்று கேட்கலாம். புகழாசையே இல்லை என்று சாதிக்க மாட்டேன். ராஜாவுக்கு அது இல்லாமலா? ஆசையையும் கணக்கையும் ஒரே உளிதான் வெட்டியிருக்கிறது.

புறநானூற்றில் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் வள்ளல் ஆய் அண்டிரனுக்கு ஒரு சான்றிதழ் தருகிறார்: மறுமையில் லாபம் பார்த்து அறம் செய்யும் வியாபாரி அல்ல இவன், சான்றோர் போன வழி என்பதால் கொடுக்கிறான் என்று. அழகான பாட்டு. ஆனால் சான்றிதழ் வழங்கியவர் அவன் கொடையைப் பாடிப் பரிசில் பெறும் புலவர் மரபில் வந்தவர். என் மைத்துனருக்கோ எந்த உபயதாரராலும் ஒரு கவளம் வந்ததில்லை. இருவருமே அடுத்தவர் மனதுக்குள் போய்ப் பார்த்தமாதிரிதான் பேசுகிறார்கள்.

கீதையின் 17ஆம் அத்தியாயம் தானத்தை மூன்றாகப் பிரிக்கிறது. கடமை என்று, கைம்மாறு கருதாமல், இடமும் காலமும் ஆளும் அறிந்து கொடுப்பது ஒன்று. பலனை எண்ணி, மனசில்லாமல் கொடுப்பது இன்னொன்று. இகழ்ந்து கொடுப்பது கடைசி. கொடுக்கிறவன் ராத்திரி படுக்கும்போது தன்னைத்தானே கேட்டுக்கொள்ள உதவும் என்றுதான் இதை நான் படிக்கிறேன். அவனுக்கே பாதிதான் விளங்கும். அதைக் கவுன்டருக்கு எடுத்து வந்து வரிசையில் நிற்பவரை அளக்க என்னிடம் என்ன இருக்கிறது? ரூபாய் நோட்டு மட்டும்தான்.

எங்கள் கோயிலில் ஒரு விளக்குக் கட்டளை உண்டு. போட்டவர் சுத்தமான பக்தர் என்று ஊரே சொல்லும். அவர் வைத்துவிட்டுப் போன முதலின் வட்டி நாளடைவில் எண்ணெய்க்குப் போதாமல் போயிற்று. போர்டில் பெயர் மட்டும் நின்றது, விளக்கு பாதி நாள் எரியவில்லை. அந்தக் குடும்பத்துக் கல்யாணத்துக்கு வந்த சம்பந்தி வீட்டார் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார்களாம். மறுவாரமே பேரன் வந்தார். பக்தி பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "எங்க தாத்தா பேர் கெடக்கூடாது சார்" என்று முதலைப் பல மடங்காக உயர்த்திக் கட்டினார். ரசீதில் இன்ஷியல் சரியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டு, போர்டுக்குப் புதுப் பெயின்ட் எப்போது அடிப்பீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்.